எழுத்துப் பிழையும் நாணமும்

மனிதன் வெட்கப்படும் சந்தர்ப்பங்கள் பல. அவற்றுள் எழுத்துப் பிழையால் வரும் வெட்கம் சற்று விசித்திரமானது. கோபத்தில் ஒருவரைக் கடிந்து பேசிவிட்டால், அதற்குக் காரணம் கற்பித்து மனத்தைத் தேற்றிக்கொள்ள நமக்குத் தெரியும். நேரம் தவறி வந்தால் பேருந்தின் மேல் பழி போடலாம். ஆனால் பலர் படிக்கும் இடத்தில் ஒரு சொல்லைப் பிழையாக எழுதிவிட்டால் சாக்குச் சொல்ல வழியில்லை. பிழை அங்கேயே நிற்கிறது. எழுதியவரின் பெயரும் அருகிலேயே நிற்கிறது. நாம் படித்த பள்ளி, நம்மை வளர்த்த வீடு, நமது அறிவின் அளவு ஆகிய அனைத்தையும் அந்த ஒரு சொல் ஊராருக்கு அறிவித்துவிட்டதுபோல் உள்ளம் குன்றிப்போகிறது.

இந்த வெட்கம் நற்குணமா, அல்லது குறையா? அது நம்மைத் திருத்துகிறதா, அல்லது மறைந்துகொள்ளத் தூண்டுகிறதா? இக்கேள்வியை மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஏனெனில் அங்கே எழுதப்படும் ஒவ்வொரு சொல்லின் மறுமுனையிலும் ஓர் உயிர் படுத்திருக்கிறது.

நோயாளியிடம் தாம் கண்டதையும் கேட்டதையும், அவருக்குத் தாம் செய்ததையும் செவிலியர் நேரத்துடன் எழுதி வைப்பதே செவிலியர் குறிப்பு. மருத்துவர் நாளில் ஓரிரு முறை வந்து பார்க்கிறார்; எஞ்சிய நேரமெல்லாம் அருகில் இருப்பவர் செவிலியரே. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் வெளியிட்ட செவிலியப் பணி பற்றிய நூலில், நோயாளியைக் கூர்ந்து நோக்குதல் என்பதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். அவ்வாறு நோக்கியது எழுத்தில் ஏறாவிட்டால், பணி மாறி அடுத்து வருபவருக்கு அது போய்ச் சேராது. எனவே இக்குறிப்பு ஒருவகையில் ஒரு கடிதம். காலையில் பணி முடித்துச் செல்பவர், தமக்குப் பின் அந்தக் கட்டிலின் அருகே நிற்கப் போகிறவருக்கு எழுதும் கடிதம்.

முன்பு இது காகிதத்தில் இருந்தது. காகிதத்திற்கு ஒரு கருணை உண்டு. எந்த எழுத்து வரவேண்டும் என்று ஐயம் எழுந்தால் அந்த இடத்தில் கையெழுத்தைச் சற்று நெளித்துவிடலாம். படிப்பவர் தமக்குத் தெரிந்தபடி படித்துக்கொள்வார். கணிப்பொறியின் திரையில் அந்த நெளிவுக்கு இடமில்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. மின்னணு மருத்துவப் பதிவேடுகளுக்கான தரநிலைகளை மத்திய அரசு 2013-இல் வெளியிட்டு 2016-இல் திருத்தியது. 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடு முழுமைக்குமாகத் தொடங்கப்பட்டது. இவற்றால் விளைந்த நன்மைகள் ஏராளம். ஆனால் ஓர் எளிய செவிலியரின் நோக்கில் நடந்தது இதுதான்: நேற்றுவரை ஒரு கோப்புக்குள் உறங்கிய அவரது வரியை இன்று மருத்துவர், மருந்தகத்தார், காப்பீட்டு நிறுவனத்தார், தரச்சான்றுக்கு ஆய்வு செய்ய வருவோர் என்று பலரும் படிக்கின்றனர். சில இடங்களில் நோயாளியின் மகனும் தன் கைப்பேசியில் படிக்கிறான்.

அந்த வரி எந்த மொழியில் எழுதப்படுகிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்த ஒரு பெண், மூன்றாண்டுப் பட்டயமோ நான்காண்டுப் பட்டமோ பெற்று, டெல்லியில் ஒரு பெரிய மருத்துவமனையில் பணிக்குச் சேருகிறாள். நோயாளியிடம் ஹிந்தியில் பேசுகிறாள். உடன் பணியாற்றும் தோழியிடம் பாதி மலையாளம், பாதி தமிழ். தாயிடம் தொலைபேசியில் தமிழ். எழுதுவது மட்டும் ஆங்கிலத்தில். அதாவது நோயாளி ஹிந்தியில் முனகியதைத் தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதிவு செய்கிறாள். அதுவும் 12 மணி நேர இரவுப் பணியின் இறுதியில், நான்கு கட்டில்களின் குறிப்புகளை வரிசையாக. இதில் ஓர் எழுத்து பிறழ்வதில் வியப்பில்லை. இவ்வளவும் பிறழாமல் நடப்பதே வியப்பு.

பிறழும் எழுத்துகளில் சில சிரிப்பூட்டுபவை என்பதை மறுக்க முடியாது. நோயாளிகள் என்று பொருள்படும் ‘பேஷண்ட்ஸ்’ என்ற சொல்லும், பொறுமை என்று பொருள்படும் ‘பேஷன்ஸ்’ என்ற சொல்லும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றே. காதால் கற்றவர் மாற்றி எழுதிவிட்டால், ‘பொறுமைக்கு இரவில் காய்ச்சல் இல்லை’ என்றாகும். குடலைக் குறிக்கும் சொல்லில் ஓர் எழுத்து குறைந்தால் கிண்ணம் என்றாகிவிடும். ஆண்களின் சிறுநீர்ப்பையை அடுத்துள்ள ‘ப்ராஸ்டேட்’ சுரப்பியின் பெயரில் ஒரே ஓர் எழுத்து கூடினால், அவர் சாஷ்டாங்கமாக விழுந்து கிடக்கிறார் என்று பொருளாகும். ‘பொது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டால் வருவதை இங்கே எழுதுவதற்கில்லை. எழுத்துத் திருத்தும் மென்பொருள் இவற்றைக் கண்டுகொள்ளாது. ஏனெனில் தவறாக வந்து விழுந்தவையும் அகராதியில் உள்ள சொற்களே. சில சமயம் அந்த மென்பொருளே முந்திக்கொண்டு ஒரு மருந்தின் பெயரை அன்றாடச் சொல்லாக மாற்றிவிட்டு, பழியைச் செவிலியரின் தலையில் போட்டுவிட்டுப் போவதும் உண்டு.

மறுநாள் காலை அந்த வரியை ஒருவர் உரக்கப் படிக்கிறார், அனைவரும் சிரிக்கின்றனர். அதன் பிறகு அந்தப் பெண்ணின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதே நமது சிந்தனைக்கு உரியது.

அவமானம் அடைந்த மனம் முதலில் தேடுவது மறைவிடத்தை. அந்த வரியை எவரும் அறியாமல் அழித்துவிட முடியுமா என்று பார்க்கிறது. முடியாது எனத் தெரிந்தால், இனிமேல் குறைவாக எழுதுவது என்று முடிவு செய்கிறது. குறைவாக எழுதினால் குறைவாகத்தானே பிழை வரும்! நேற்றுவரை ‘வலது கணுக்காலில் வீக்கம், விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, காலையில் இருந்ததைவிட அதிகம்’ என்று தட்டுத் தடுமாறியேனும் எழுதியவள், இன்று ‘நோயாளி நலம்’ என்று எழுதி முடித்துவிடுகிறாள். அல்லது முந்தைய பணிநேரத்துக் குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிடுகிறாள். அதில் எழுத்துப் பிழை இல்லை. ஆய்வு செய்வோரும் குறை கூறமாட்டார்கள். ஆனால் நகலெடுத்த வரியில் இருப்பது நேற்றைய நோயாளி. இன்று அவருக்குக் கால் வீங்கியிருக்கிறது என்பது எங்கும் இல்லை.

எழுத்துப் பிழையைவிடப் பெரிய பிழை இதுவே. எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரித்தோர் இதைப் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. எழுதப்படாததை யார் கண்டு சிரிக்க முடியும்?

நாணம் என்பது நமது மரபில் இழிவான குணமன்று. திருவள்ளுவர் நாணுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் தொடக்கத்திலேயே, தகாத செயலைக் குறித்து எழும் நாணத்தையும் இயல்பாக எழும் கூச்சத்தையும் அவர் வேறுபடுத்திக் காட்டிவிடுகிறார். பகவத்கீதையின் 16-ஆம் அத்தியாயம் தெய்வீகப் பண்புகளைப் பட்டியலிடும்போது ‘ஹ்ரீ’ என்பதையும் அதில் சேர்க்கிறது. தகாததைச் செய்ய மனம் கூசுவதே ஹ்ரீ. ஆக, நாணம் இரண்டு திசைகளில் பார்க்கக்கூடியது. செய்த செயலையும் அதனால் பிறருக்கு நேர்ந்ததையும் பார்க்கும் நாணம் ஒன்று. பிறர் கண்ணில் நான் எப்படித் தெரிகிறேன் என்று பார்க்கும் நாணம் மற்றொன்று. முன்னது மனச்சாட்சியின் குரல். பின்னது பணிவைப்போல் தோன்றினாலும், உண்மையில் அகங்காரம் பட்ட அடியின் வலி. இரண்டும் முகத்தில் ஒரே சிவப்பைத்தான் ஏற்றுகின்றன. ஆகவேதான் நாம் ஏமாந்து போகிறோம்.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. எந்தப் பிழைக்கு நாம் அதிகம் வெட்கப்படுகிறோம் என்று கவனித்தால் போதும்.

‘மார்வலி இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது, ‘இல்லை’ என்பதற்கான ‘நோ’ என்ற ஈரெழுத்துச் சொல்லின் இறுதியில் கைதவறி ஓர் எழுத்து கூடிவிட்டால் ‘நவ்’ என்றாகி, ‘இப்போது மார்வலி’ என்று பொருள் தரும். இதைப் பார்த்து எவரும் சிரிக்கமாட்டார்கள். எழுதியவருக்கும் வெட்கம் வராது. படிப்பவருக்கு இது பிழை என்றே தெரியாது. ‘ஹைப்பர்’ என்றால் மிகுதி. ‘ஹைப்போ’ என்றால் குறைவு. இரத்த அழுத்தம் பற்றிய குறிப்பில் இந்த முன்னொட்டு இடம் மாறினால் பொருள் தலைகீழாகிறது. விழுங்குவதில் உள்ள சிரமம் ‘டிஸ்ஃபேஜியா’. பேசுவதில் உள்ள சிரமம் ‘டிஸ்ஃபேசியா’. ஆங்கிலத்தில் இவற்றுக்கிடையே உள்ள வேற்றுமை ஓர் எழுத்துதான். ஆனால் முன்னதை அறியாமல் ஒருவருக்குக் கஞ்சியைப் புகட்டினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம். அரிப்புக்கும் பதற்றத்துக்கும் தரும் ‘ஹைட்ராக்சிசின்’, இரத்த அழுத்தத்தைக் குறைக்கத் தரும் ‘ஹைட்ரலசின்’ ஆகிய இரண்டும் பெயரளவில் இரட்டைப் பிறவிகள். இத்தகைய பெயர்களில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2001-இல் ஒரு முயற்சியைத் தொடங்கியது. அங்கு மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் ஜாயின்ட் கமிஷன், 2004-இல் சில சுருக்கங்களை அறவே விலக்கியது. அளவுக்குப் பின்னால் வீணாகச் சேர்க்கும் சுழியமும் அவற்றுள் ஒன்று, ஏனெனில் 5.0 என்பதில் புள்ளி கண்ணில் படாவிட்டால் 50 ஆகிவிடும்.

இவையே அஞ்சத்தக்க பிழைகள். ‘பொறுமைக்குக் காய்ச்சல் இல்லை’ என்பதோ எவருக்கும் தீங்கு செய்யாதது. படிப்பவர் ஒரு நொடி சிரித்துவிட்டுச் சரியான பொருளையே எடுத்துக்கொள்வார். ஆனால் நமது வெட்கம் முன்னதைக் கண்டுகொள்ளாமல் பின்னதற்காக மூன்று இரவு உறங்க மறுக்கிறது. அப்படியானால் அது நோயாளியை எண்ணி எழுந்த வெட்கம் அன்று என்பது தெளிவு.

அப்படியாயின் எழுத்தைப் பற்றிக் கவலையே வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும். பிழை மலிந்த குறிப்பைப் படிக்கும் குடும்பத்தாருக்கு, மருந்தையும் இப்படித்தான் கொடுத்திருப்பார்களோ என்ற ஐயம் எழுவது நியாயமே. நோயாளியின் பெயரைப் பிழையாக எழுதுவது அவரை மதியாமை. அதே பெயருடைய வேறொருவரின் பதிவோடு கலந்துவிடும் அபாயமும் உண்டு. செயலில் சிரத்தை என்பது எழுத்தையும் உள்ளடக்கியதே. ஆனால் சிரத்தை வேறு, நடுக்கம் வேறு. சிரத்தையுடையவர் எழுதி முடித்ததும் ஒரு முறை திரும்பப் படிக்கிறார். எங்கே கண் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்: பெயர், மருந்து, அளவு, வலம் இடம், உண்டு இல்லை. நடுங்குபவரோ நூறு முறை படித்தாலும் தமது மானத்தையே படிக்கிறார். புள்ளி இடம் மாறியிருப்பது அவர் கண்ணில் படுவதில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். எழுத்துப் பிழைகளில் பெரும்பங்கு, பெரிய சொற்களைத் தேடிப் போவதால் வருகிறது. இரத்தப்போக்கைக் குறிக்க ‘ஹெமரேஜ்’ என்று எழுதப் புகுந்து, அதன் நடுவில் எத்தனை எழுத்துகள் என்று திகைப்பவர்கள், ‘ப்ளீடிங்’ என்ற எளிய சொல்லை எழுதினால் எவரும் குறை சொல்லப்போவதில்லை. ‘டயரியா’ என்ற சொல்லின் எழுத்துகளோடு மல்லுக்கட்டுவதைவிட, எத்தனை முறை நீராகப் போயிற்று என்று எளிய சொற்களில் எழுதுவது மருத்துவருக்கு அதிகப் பயன் தரும். வீக்கத்துக்கு உரிய ‘எடீமா’ என்ற சொல்லைப் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் இருவேறு விதமாக எழுதுகின்றனர். ‘ஸ்வெல்லிங்’ என்றால் அந்த வழக்கே இல்லை. கற்றவர் என்று தோன்ற வேண்டும் என்ற ஆசைதான் பல நேரங்களில் கல்லாதவர் போல் நம்மைக் காட்டிவிடுகிறது.

எழுத்துப் பிழை என்றதும் நம் நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது காந்தியடிகளின் பள்ளி நிகழ்ச்சி. உயர்நிலைப் பள்ளியின் முதலாம் ஆண்டில் ஜைல்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் வந்து ஐந்து சொற்களை எழுதச் சொன்னார். அவற்றுள் ‘கெட்டில்’ என்ற சொல்லைச் சிறுவன் மோகன்தாஸ் பிழையாக எழுதினான். பக்கத்துப் பையனின் பலகையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்படி ஆசிரியர் தமது பூட்ஸ் முனையால் சைகை காட்டினார். சிறுவனுக்கு அது விளங்கவே இல்லை. மற்ற எல்லோரும் சரியாக எழுதியிருந்தனர். தான் ஒருவனே முட்டாளானதாக அவர் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். இதை நேர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். ஆனால் வெட்கத்தைப் பற்றியும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. அந்த அறையில் பிழைக்காக வெட்கப்பட்டவர் மாணவர் அல்லர், ஆசிரியர். ஆய்வாளரின் முன் தமது வகுப்பு எப்படித் தோன்றும் என்பதே அவரது கவலை. அந்தக் கவலைதான் ஒரு நல்ல ஆசிரியரைக் களவு கற்பிக்கத் தூண்டியது.

அதே காந்தியடிகள் பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் ஒரு சிறிய தர்ம மருத்துவமனையில் காலைதோறும் ஓரிரு மணி நேரம் தொண்டு செய்தார். நோயாளிகளின் குறைகளைக் கேட்டறிந்து மருத்துவரிடம் எடுத்துரைப்பதும், மருந்து கலந்து கொடுப்பதும் அவரது வேலை. கேட்டதைக் கேட்டவாறு எடுத்துரைப்பது என்பது செவிலியர் குறிப்பின் வேலையேதான். பள்ளிப் பலகையில் எழுதிய பிழையைத் திருத்தாமல் விட்டுவிட்டாலும் எவருக்கும் நட்டமில்லை. மருத்துவமனைப் பதிவில் அப்படி விட்டுவிட முடியாது. அங்கே நேர்மை என்பது பிறரைப் பார்த்து எழுதாமையோடு முடிவதில்லை. தம் பிழையைத் தாமே வெளிப்படையாகத் திருத்துவதையும் சேர்த்ததுதான்.

திருத்தும் முறை நெடுங்காலமாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. காகிதக் காலத்தில், பிழையான சொல்லின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, அடியில் உள்ளது படிக்கத் தெரியுமாறு விட்டு, சரியானதை எழுதி, தேதியும் நேரமும் இட்டுக் கையொப்பமிடுவர். வெள்ளை மை பூசி மறைப்பது கூடாது. மின்னணுப் பதிவேட்டிலும் அறம் அதுவேதான். முந்தைய வரி அப்படியே இருக்க, இன்ன தேதியில் இன்ன நேரத்தில் எழுதிய குறிப்பில் இது பிழை, சரியானது இது என்று பின்குறிப்பாகச் சேர்க்கிறோம். மறைவாக அழிக்க முயன்றாலும், யார் எப்போது எதைத் தொட்டார் என்ற தடம் உள்ளே பதிவாகிவிடுகிறது. சித்திரகுப்தனின் ஏட்டைக் கதையாக மட்டும் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, அப்படி ஓர் ஏடு மருத்துவமனைக் கணிப்பொறிக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டது! ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. இந்த ஏட்டில் பிழைக்கு அருகிலேயே திருத்தத்தை எழுத நமக்கும் இடம் தரப்பட்டிருக்கிறது.

திருத்தத்தை எழுதியதோடு கடமை முடிந்துவிடாது. பிழையான வரியை நம்பி எவரேனும் ஏதேனும் செய்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். அளவு தவறாகப் பதிவாகியிருந்தால் மருந்து அவ்வாறே கொடுக்கப்பட்டதா, வலம் என்பது இடமாகியிருந்தால் ஊடுகதிர்ப் படம் எந்தப் பக்கம் எடுக்கப்பட்டது என்று விசாரித்து, உரியவரிடம் வாயாலும் சொல்ல வேண்டும். வெட்கத்தில் மூழ்கிய மனத்துக்கு இவை தோன்றாது. திரையில் உள்ள சொல்லைச் சரிசெய்துவிட்டால் தனது மானம் பிழைத்தது என்று அது ஓய்ந்துவிடும்.

சிலர் இதற்கு நேர்மாறான எல்லைக்குப் போய்விடுகின்றனர். பின்குறிப்பில் மன்னிப்புக் கோருகின்றனர். மிகுந்த களைப்பில் இருந்ததாகவும், கணிப்பொறி மெதுவாக இயங்கியதாகவும் விளக்கம் எழுதுகின்றனர். உள்ளத்தின் வருத்தம் உண்மையானதே. ஆயினும் நோயாளியின் பதிவேடு நமது வருத்தத்தை எழுதுவதற்குரிய இடமன்று. அங்கே ஒவ்வொரு வரியும் அவரைப் பற்றியதாக இருக்கவேண்டும். களைப்பும் இயந்திரக் கோளாறும் பிழைக்குக் காரணமாயின், அவற்றை மேலதிகாரியிடம் முறைப்படி தெரிவிப்பது வேறு கடமை. அதையும் தவறாமல் செய்யவேண்டும். நான் தவறினேன், நான் தவறினேன் என்று திரும்பத் திரும்பச் சொல்வதிலும் ‘நான்’ என்பதே உரத்துக் கேட்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதுவரை எழுதியவரைப் பற்றிப் பேசினோம். சிரித்தவரைப் பற்றியும் பேசாவிட்டால் நியாயமாகாது. மருத்துவரின் கையெழுத்து புரியவில்லை என்பது நம் நாட்டில் வெகுகாலமாக ஒரு செல்ல நகைச்சுவை. அது ஏதோ மேதைமையின் இலக்கணம் என்பதுபோலப் பேசுவாரும் உண்டு. மருந்தின் பெயரைத் தெளிவாக, இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2016-இல் தனது ஒழுக்க விதிகளையே திருத்த வேண்டியிருந்தது. அத்தகைய எழுத்தைப் பார்த்து மரியாதையோடு புன்னகைக்கும் நாம், ஒரு செவிலியரின் எழுத்துப் பிழையை மட்டும் கூடி நின்று ஏளனம் செய்கிறோம் என்றால், நாம் எள்ளுவது எழுத்தை அன்று. அவள் எங்கிருந்து வந்தாள் என்பதை எள்ளுகிறோம். அந்தச் சிரிப்பின் விலையையும் மேலே கண்டோம்: ‘நோயாளி நலம்’ என்ற இரண்டு சொற்கள். கால் வீங்கிய முதியவர் அந்த விலையைத் தம்மை அறியாமலேயே செலுத்துகிறார்.

தவறுவது மனித இயல்பு என்ற கருத்தையே தலைப்பாகக் கொண்டு, அமெரிக்க மருத்துவக் கழகம் ஒன்று 1999-இல் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டது. அந்நாட்டு மருத்துவமனைகளில் தவிர்த்திருக்கக்கூடிய பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர்வரை இறக்கின்றனர் என்று அது மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கையை ஒட்டி விவாதங்கள் எழுந்தன. ஆனால் அறிக்கையின் சாரம் எண்ணிக்கையில் இல்லை. பெரும்பாலான பிழைகள் கெட்ட மனிதர்களால் நேர்வன அல்ல, நல்ல மனிதர்கள் குறையுள்ள ஏற்பாடுகளுக்குள் பணியாற்றுவதால் நேர்வன என்பதே அது. பிழையைச் சொன்னவரைத் தண்டிக்கும் இடத்தில் எவரும் பிழையைச் சொல்லமாட்டார்கள். ஏளனமும் ஒரு தண்டனைதான். அறிந்தே செய்யும் அலட்சியத்தை அதிகாரியானவர் கண்டிக்கத்தான் வேண்டும். நேர்மையாக உழைக்கும்போது நேர்ந்த சறுக்கலையும் அதே தட்டில் வைத்து நிறுத்தால், மிஞ்சுவது மௌனம் மட்டுமே.

ஆகவே வார்டின் தலைமைச் செவிலியர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிழையான வரியைப் பலர் முன்னிலையில் படித்துக்காட்டாமல், எழுதியவரைத் தனியே அழைத்து, “சிஸ்டர், இந்த வரியில் நீங்கள் சொல்ல வந்தது என்ன?” என்று கேட்கலாம். எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று விடலாம். அப்போது, முதியவர் இரவில் எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தார், தலையணையை இரண்டாக வைத்த பிறகே மூச்சு சீரானது, காலணி நேற்றுப் பொருந்தியது இன்று பொருந்தவில்லை என்றெல்லாம் அந்தப் பெண் தன் மொழியில் சொல்லத் தொடங்குவாள். அவள் கண்டது அவ்வளவு. எழுதியது ஒன்றரை வரி. சொன்னவற்றை அப்படியே எளிய சொற்களில், சொல்லும் நேரத்தையும் இட்டுப் பின்குறிப்பாகச் சேர்க்கச் சொல்லி, அருகில் அமர்ந்து இரண்டு சொற்களுக்கு எழுத்துக் கூட்டிக் கொடுத்தால் போதும். மருத்துவர் சுற்றுக்கு வரும்போது ஐந்து வரிகள் அங்கே இருக்கும்.